ரத்தப் பரிசோதனைக்கு வருபவர்கள் கேட்கும் ஹார்மோன் சந்தேகங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பல ஆண்டுகளாக ரத்தம் எடுக்கும் வேலை செய்து வருகிறேன். காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வெறும் வயிற்றோடு பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடும் அந்த இரண்டு நிமிடத்தில் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவசரத்தில் நான் சொல்லும் பதில்களோ அரைகுறையாக நின்றுவிடுகின்றன. அவற்றைத்தான் இங்கே முழுமையாக எழுதிவைத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. கேள்விகளை மட்டும் கேட்டவர்களின் வாய்ச்சொல்லாகவே விட்டிருக்கிறேன்.

1. ஹார்மோன்னா என்ன சார், அது ஒரு வியாதியா?

"எனக்கு ஹார்மோன் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று கலங்கிப்போய் வருபவர்கள் உண்டு. ஹார்மோன் இல்லாமல் எவரும் உயிரோடு இருக்க முடியாது. உடலின் ஓரிடத்தில் உருவாகி, ரத்தத்தில் கலந்து, வேறோர் இடத்துக்குச் சென்று, அங்குள்ள செல்களின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் வேதிப்பொருளே ஹார்மோன். வியர்வைச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் தாம் சுரப்பதை வெளியேற்றக் குழாய் உண்டு; தைராய்டு, பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் ஆகியவற்றுக்கு அப்படிக் குழாய் கிடையாது, சுரப்பு நேராக ரத்தத்தில் சேர்கிறது. பள்ளிப் பாடநூல் இவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்பது இதனால்தான். நாளம் என்றால் குழாய். கணையமோ இரண்டு வேலையும் செய்கிறது: செரிமான நீரைக் குழாய் வழியே குடலுக்கும், இன்சுலினை நேராக ரத்தத்துக்கும் அனுப்புகிறது.

1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், சிறுகுடலுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்ட பிறகும் அங்கு அமிலம் பட்டவுடன் கணையம் நீர் சுரப்பதைக் கண்டார்கள். நரம்பு இல்லாதபோது செய்தி ரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அந்தச் செய்திப் பொருளுக்குச் செக்ரட்டின் என்று பெயரிட்டார்கள். 'தூண்டுதல்' என்னும் பொருள்பட்ட கிரேக்கச் சொல்லிலிருந்து ஹார்மோன் என்ற பொதுப்பெயரை 1905இல் ஸ்டார்லிங் வழங்கினார்.

2. ரத்தம் உடம்பு பூரா ஓடுதே, அப்புறம் எப்படி ஒவ்வொரு ஹார்மோனும் ஒரு சில இடத்துல மட்டும் வேலை செய்யுது?

கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கூண்டு எல்லோர் கண்ணிலும்தான் படுகிறது. காய்கறி வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறார். மீனவரோ படகைக் கரையேற்றப் புறப்படுகிறார். ஹார்மோனும் எல்லாச் செல்களையும் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. அதை அடையாளம் காணும் ஏற்பி என்ற புரதம் எந்தச் செல்லில் இருக்கிறதோ அந்தச் செல் மட்டுமே அதற்கு இணங்குகிறது.

ஏற்பியும் அதன் பின்னால் நடக்கும் வேலைகளும் மந்தமாகிவிட்டால், ஹார்மோன் போதுமான அளவு இருந்தும் பயன்படாது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் தொடக்கத்தில் இதுதான் நடக்கிறது. பலருக்கு அப்போது இன்சுலின் வழக்கத்தைவிட அதிகமாகவே சுரக்கிறது. தசையும் கல்லீரலும் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

3. எவ்வளவு சுரக்கணும்னு சுரப்பிக்கு யார் சொல்றது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை. நம் மாவட்டத்து வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் 47.5 அடி. மட்டம் இறங்கினால் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதிக நீர் கேட்கப்படுகிறது. மட்டம் நிறைந்துவிட்டால் வரத்து குறைக்கப்படுகிறது. நீர்மட்டமே நீர்வரத்தைத் தீர்மானிக்கிறது. உடலிலும் ஒரு ஹார்மோனின் ரத்த அளவே அதன் அடுத்த சுரப்பைத் தீர்மானிக்கிறது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர்.

தைராய்டை எடுத்துக்கொள்வோம். மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் இருக்கிறது. அதிலிருந்து தொங்குவது பட்டாணி அளவேயான, அரை கிராம் எடையுள்ள பிட்யூட்டரி. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைவதை இவை இரண்டும் உணர்ந்தவுடன், பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற தூண்டல் ஹார்மோனை அதிகமாக வெளியிடுகிறது. கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு அதைப் பெற்று டி4, டி3 ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை போதிய அளவு சேர்ந்ததும் பிட்யூட்டரி தன் தூண்டலைக் குறைத்துக்கொள்கிறது.

விதிவிலக்கும் உண்டு. பிரசவத்தில் குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த அழுத்த ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஆக்சிடோசின் கூடக் கூட வலி வலுத்து அழுத்தம் மேலும் ஏறுகிறது. குழந்தை வெளியே வந்த பிறகே அந்தச் சுழல் நிற்கிறது.

4. டி.எஸ்.எச். 12ன்னு வந்திருக்கு. அப்படின்னா தைராய்டு அதிகமா சுரக்குதுன்னுதானே அர்த்தம்?

எங்கள் நிலையத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அர்த்தம் நேர் எதிரானது. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது அன்று. தைராய்டிடம் பிட்யூட்டரி கேட்பது. ஏரி வற்றும்போதுதானே தண்ணீர் கேட்கும் கடிதங்கள் அதிகமாகும்? பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருப்பது இயல்பு. 12 என்றால் தைராய்டு போதிய அளவு சுரக்காததால் பிட்யூட்டரி அதை விரட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டி4 சிறிதளவு சரிந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு எகிறிவிடும் என்பதால்தான், குறைபாட்டைத் தொடக்கத்திலேயே பிடிக்க மருத்துவர்கள் இதை முதலில் பார்க்கச் சொல்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். டி.எஸ்.எச். உயர்ந்து டி4 குறைந்திருந்தால் கோளாறு தைராய்டில் இருக்கிறது. டி.எஸ்.எச். அடியோடு குறைந்து டி4 உயர்ந்திருந்தால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது. இரண்டுமே குறைவாக இருந்தால் கேட்க வேண்டிய பிட்யூட்டரியே கேட்காமல் இருக்கலாம். இது அரிது, ஆனால் டி.எஸ்.எச்.சை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

5. தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாள் ஆச்சு, ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா தம்பி?

எடுக்கலாம், பணம்தான் வீண். மாத்திரையில் இருப்பது டி4. ரத்தத்தில் உள்ள டி4 பாதியாகக் குறைவதற்கே ஒரு வாரம் ஆகிறது. இப்படி மெதுவாகக் கழியும் பொருள் நிலையான மட்டத்துக்கு வந்துசேர ஐந்து வாரங்களுக்கு மேல் பிடிக்கும். அதற்குப் பிறகே பிட்யூட்டரியும் தன் குரலைத் தணித்துக்கொள்ளும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். ஒரு நாள் மாத்திரை மறந்துபோனாலும் உடல் பெரிதாகத் தடுமாறாததற்கும் இதுவே காரணம். இன்சுலின் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. காபி குடிக்காம எனக்குப் பொழுதே விடியாது. மாத்திரையைக் காபியோட போட்டா என்ன?

குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிக்க வேண்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் இதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. "ஒழுங்காப் போடறேன், ஆனா டி.எஸ்.எச். இறங்கவே மாட்டேங்குது" என்பவரிடம் நான் முதலில் கேட்பது காபி நேரத்தைத்தான்.

7. நாம கடற்கரையில இருக்கோம், மரக்காணத்துல உப்பளமே இருக்கு. கடல் உப்புலயே அயோடின் இருக்குமே, எதுக்குத் தனியாக் கலக்கணும்?

நியாயமான கேள்வி; கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெளிவாகும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பும் சுமார் 60 மைக்ரோகிராம் அயோடினும் இருக்கின்றன. அந்த அயோடின் முழுவதும் உப்போடு தங்கிவிடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், நாள் ஒன்றுக்கு 10 கிராம் உப்பு உண்பவருக்கு 17 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். உண்மையில் அவ்வளவும் கிடைப்பதில்லை. பாத்தியில் உப்பு படியும்போது அயோடினின் பெரும்பகுதி அதனோடு படியாமல் போய்விடுகிறது. அயோடின் கலந்த உப்பில் கடைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. 10 கிராமில் சரியாக 150 மைக்ரோகிராம் வந்துவிடுகிறது.

அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோனைக் கட்ட முடியாது. டி4 என்பதில் உள்ள நான்கு, அதிலிருக்கும் அயோடின் அணுக்களின் எண்ணிக்கை. அயோடின் போதாதபோது பிட்யூட்டரி விடாமல் தூண்ட, சுரப்பி பருத்துக் கழுத்தில் கழலையாக வெளித்தெரிகிறது. இந்தியாவில் கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் தொடங்கியது. கடல்மீனில் அயோடின் இருப்பது உண்மைதான். ஆனால் எல்லா வீட்டிலும் தினமும் மீன் இல்லை, உப்பு இருக்கிறது. இந்துப்புக்கும் கல் உப்புக்கும் மாறியவர்கள் உறையில் அயோடின் கலந்தது என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் உப்பைத் திறந்த மரவையில் வைத்தால் கலந்த அயோடினும் குறைந்துகொண்டே போகும்.

8. முட்டைக்கோஸ், மரவள்ளி எல்லாம் அறவே தொடக்கூடாதாமே?

இவற்றில் அயோடினைத் தைராய்டு பயன்படுத்துவதைத் தடுக்கும் பொருள்கள் உண்டு என்பது சரி. வேகவைத்து, அளவோடு, அயோடின் உப்பு சேர்த்து உண்பவருக்கு அதனால் தொல்லை வருவதில்லை. பயத்தில் காய்கறியையே குறைத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

9. முழுகாம இருக்கேன். தைராய்டு மாத்திரை குழந்தைக்கு ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க, நிறுத்திடட்டுமா?

நிறுத்தவே கூடாது. கருவின் தைராய்டு பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகே ஹார்மோனை உண்டாக்கத் தொடங்குகிறது. அதுவரை கருவின் மூளை வளர்ச்சி தாயின் டி4ஐ மட்டுமே நம்பியிருக்கிறது. பெரும்பாலானோருக்கு அளவைக் கூட்ட வேண்டியிருப்பதால், கரு உறுதியானவுடனே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். மாத்திரையில் இருப்பது அந்நியப் பொருள் அன்று, தைராய்டு சுரக்கும் அதே டி4 என்று எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதும் இதையொட்டியதே. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று, தைராய்டு சரிவர இயங்காமல் பிறக்கிறது. பார்வைக்கு வேறுபாடு எதுவும் தெரியாது. முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். மாதக்கணக்கில் தவறவிட்டால் மூளைக்கு நேர்ந்த பாதிப்பைத் திருப்ப முடியாது.

10. ராத்திரி எட்டு மணிக்கு மேல பச்சத் தண்ணி தவிர வாயில எதுவும் வைக்கல. காலையில சுகர் 150. எங்கேருந்து வந்துச்சு?

உங்கள் கல்லீரலிலிருந்து வந்தது. ஐந்து லிட்டர் ரத்தம் முழுவதிலும் சேர்த்து இயல்பாக மிதக்கும் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. மூளை மட்டுமே நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 5 கிராம். இரவில் யாரும் நிரப்பாவிட்டால் ஒரே மணி நேரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். ஆகவே கணையம் குளுககான் என்ற ஹார்மோனைச் சுரந்து, கல்லீரலில் சேமித்துவைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடச் செய்கிறது.

விடியற்காலையில் அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் சேர்ந்து, எழுந்து நடமாடப்போகும் உடலுக்காகக் கல்லீரலை மேலும் முடுக்குகின்றன. இயல்பானவருக்கு இன்சுலின் அதை அடக்கிவிடும்; சர்க்கரை நோயாளிக்கு அடக்க முடியாமல் அளவு ஏறிவிடுகிறது. எனவே பண்ருட்டிப் பலாச்சுளையை ஒளித்துத் தின்றதாக வீட்டில் உள்ளவர்கள் உங்கள் மேல் பழிபோட்டால், அது எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

11. தைராய்டுக்கு மாத்திரை இருக்கு. இன்சுலினுக்கு மட்டும் ஏன் ஊசி?

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். வாய்வழியே விழுங்கினால் வயிறும் குடலும் அதைப் பருப்பையும் மீனையும்போலச் செரித்துத் துண்டாக்கிவிடும். டி4 மிகச் சிறிய மூலக்கூறு. செரிமான நீருக்குத் தப்பிக் குடலில் உறிஞ்சப்படுகிறது. கொழுப்பிலிருந்து உருவாகும் ஸ்டீராய்டு ஹார்மோன்களும் அப்படித்தான். டொராண்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் 1921இல் இன்சுலினைப் பிரித்தெடுத்து, 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்குக் கொடுக்கப்பட்டதும் ஊசியாகத்தான்.

12. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடறதாலதான் பொண்ணுங்க சீக்கிரம் வயசுக்கு வர்றாங்களாமே?

முந்தைய பதிலை இங்கே பொருத்திப் பாருங்கள். கோழியின் வளர்ச்சி ஹார்மோனும் புரதமே. தீவனத்தில் கலந்தால் கோழிக்கே செரித்துவிடும், கறியில் இருந்தாலும் குழம்பில் வெந்து நம் வயிற்றில் செரித்துவிடும். ஊசியாகப் போடுவதென்றால் ஆயிரக்கணக்கான கோழிகளைத் திரும்பத் திரும்பப் பிடித்துக் குத்த வேண்டும். அந்தச் செலவு எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடை ஏறுவது, பல தலைமுறையாக வேகமாக வளரும் கோழிகளைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததாலும் அடர்தீவனத்தாலும் கிடைத்த பலன். கோழிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வேறு பிரச்சினை. அதில் கவலைப்படக் காரணம் உண்டு.

பருவமடைதலைத் தொடங்கிவைப்பது ஹைபோதலாமஸ். உடலில் கொழுப்பு போதிய அளவு சேர்ந்திருக்கிறது என்ற செய்தியை லெப்டின் என்ற ஹார்மோன் அதற்கு எடுத்துச் செல்கிறது. சத்துக் குறைவு நீங்கியதும் பிள்ளைகளின் எடை கூடியதும் வயது முன்னே வந்ததற்கு முக்கியக் காரணங்கள். பெண் குழந்தைக்கு எட்டு வயதுக்கு முன்போ, ஆண் குழந்தைக்கு ஒன்பது வயதுக்கு முன்போ பருவ மாற்றம் தெரிந்தால், கோழியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

13. கத்திரி வெயில்ல தண்ணி குடிச்சாலும் மஞ்சளாத்தான் கொஞ்சமாப் போகுது. கிட்னி போயிடுச்சோ?

பெரும்பாலும் இல்லை. வியர்வையில் நீர் போய் ரத்தம் சற்றே அடர்த்தியானதும், பிட்யூட்டரி வாசோபிரசின் என்ற ஹார்மோனை விடுகிறது. சிறுநீரகம் நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் வெளியேறுவது குறைந்து நிறம் கூடுகிறது. நிழலில் இருந்து போதிய அளவு நீர் குடித்தும் சரியாகாவிட்டால் பார்க்க வேண்டும். மது இந்த ஹார்மோனைத் தடுத்துவிடுகிறது. எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குப் போய்க் குடித்துவிட்டு வருபவர் வழியெல்லாம் வண்டியை நிறுத்துவதும், மறுநாள் நாக்கு வறண்டு கிடப்பதும் அதனால்தான்.

14. கிட்னியும் ஹார்மோன் சுரக்குமா?

சுரக்கும். எலும்பு மச்சையைத் தூண்டி ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கும் எரித்ரோபொய்ட்டின் சிறுநீரகத்தில் உருவாகிறது. வைட்டமின் டி தன் முழு வேகமுள்ள வடிவத்தைப் பெறுவதும் அங்கேதான். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தசோகையும் எலும்புத் தேய்வும் சேர்ந்து வருவதன் காரணம் இதுவே.

15. மூட்டுவலிக்கு ஒருத்தர் கொடுத்த பொடி ரெண்டே நாள்ல கேட்டுச்சு. நிறுத்தினா எழுந்திருக்கவே முடியல. என்ன சார் அது?

பொடியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கதையைக் கேட்டவுடன் மருத்துவர்கள் கார்ட்டிசோலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்குமோ என்றுதான் ஐயப்படுகிறார்கள். முகம் நிலாப்போல உப்புவது, தோல் மெலிந்து எளிதில் கன்றுவது, சர்க்கரை திடீரென ஏறுவது ஆகியவை அந்த ஐயத்தை வலுப்படுத்தும். மூன்றாம் கேள்வியில் சொன்ன பின்னூட்டம் இங்கே எதிராகத் திரும்புகிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருப்பதால் ஏரி நிறைந்திருப்பதாக எண்ணிப் பிட்யூட்டரி தூண்டுவதை நிறுத்துகிறது. வேலையில்லாத அட்ரீனல் சுருங்கிவிடுகிறது.

சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால், உடலில் சொந்தக் கார்ட்டிசோலும் இல்லை, வெளியிலிருந்து வந்ததும் இல்லை. கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். பயந்துபோய்ப் பொடியைக் குப்பையில் எறிந்துவிடாமல், மீதியைக் கையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் வழியை அவர் சொல்வார்.

16. முடி கொட்டுதுன்னு மாத்திரை போடறேன். அதுக்கும் தைராய்டு டெஸ்டுக்கும் என்ன சம்பந்தம்?

அந்த மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். அன்றாடத் தேவை 30 மைக்ரோகிராம். மாத்திரையிலோ 10 மில்லிகிராம் வரை இருக்கிறது, முந்நூறு மடங்குக்கும் மேல். உடம்புக்கு அதனால் பெரிய கேடில்லை. ஆனால் எங்கள் இயந்திரங்களில் சில, பயோட்டின் ஒட்டும் தன்மையைக் கொண்டே ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக உயர்ந்தும் தெரியும். நான்காம் பதிலில் சொன்னபடி, அது தைராய்டு மிகையாகச் சுரப்பதைப் போன்ற அதே படம். நோயில்லாதவருக்கு நோய் என்று அறிக்கை சொல்லிவிடும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

17. எல்லா ஹார்மோனையும் ஒரே தடவையில பார்க்கிற பேக்கேஜ் எடுத்துக்கட்டுமா?

வியாபாரத்துக்கு நல்லது என்றாலும் நான் பரிந்துரைப்பதில்லை. கார்ட்டிசோல் காலை எட்டு மணி வாக்கில் உச்சத்திலும் நள்ளிரவில் அடிமட்டத்திலும் இருக்கும். மாலையில் எடுத்த ரத்தத்தைக் காலை அளவோடு ஒப்பிட்டால் பொருளில்லை. கருமுட்டை தொடர்பான ஹார்மோன்களை மாதவிடாயின் இரண்டாம் மூன்றாம் நாளில் பார்ப்பது வழக்கம். தாய்ப்பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின், ஊசியைக் கண்டு பயந்தாலே ஏறிவிடும். வளர்ச்சி ஹார்மோன் துடிப்புத் துடிப்பாகச் சுரப்பதால், ஒரு குழாய் ரத்தம் எதையும் சொல்லாது. எல்லாவற்றுக்கும் பொருத்தமான ஒரே நேரம் என்று ஒன்று கிடையாது.

மருத்துவர் எழுதிய பரிசோதனையை மட்டும் எடுங்கள். வரும்போது, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், அன்று காலை போட்ட மாத்திரைகள், முடி மாத்திரை உட்பட மற்றவை, பெண்களானால் கடைசி மாதவிடாய்த் தேதி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஜிப்மருக்கோ வேறு மருத்துவமனைக்கோ போகும்போது பழைய அறிக்கைகளையும் அந்தச் சீட்டோடு சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.